இறுகிய குழியும் இறங்காத பிரைமரும்

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பன்னிரண்டு வருடங்களாகக் கனடாவின் கல்கரியில் வேலை செய்பவர். இப்போது இரண்டு மாத விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறார். அவருடைய கடிதத்தின் சாரம் இது:

"ஐயா, அங்கே உரிமத்துடன் ஒரு 9 மி.மீ. கைத்துப்பாக்கியும் ஒரு .45 கைத்துப்பாக்கியும் வைத்திருக்கிறேன். சுடும் கழகப் பயிற்சிக்கான தோட்டாக்களை, சுட்ட வெற்றுக் கோதுகளில் புதிய பிரைமரும் (கோதின் அடிக்குழியில் உட்கார்ந்து தீமூட்டும் சிறு கிண்ணம்) வெடிமருந்தும் சன்னமும் ஏற்றி நானே மீள நிரப்பிக்கொள்கிறேன். அண்மையில் மலிவாகக் கிடைத்த ஆயிரம் பழைய 9 மி.மீ. கோதுகளில் மூன்றில் ஒன்று பிரைமரை உள்ளே விட மறுக்கிறது. தோட்டா நிரப்பும் அழுத்தக் கருவியான பிரஸ்ஸின் கைப்பிடியில் உடற்பாரத்தைப் போட்டு இறக்கினேன். சில நசுங்கின, ஒன்று குழிக்குள் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. அப்படி நிரப்பிய தோட்டாக்களில் சில முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாவது அடியில் வெடிக்கின்றன. இன்னும் அறுபது மீதி இருக்கின்றன. அவற்றைத் திரும்பவும் பிரஸ்ஸில் வைத்து அழுத்தலாமா? .45 கோதுகளில் சில பிரைமரை ஏற்கவே இல்லை. குழியில் கொஞ்சம் எண்ணெய் தடவினால் என்ன? அப்பா தோட்டத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டில் சிறிய லேத் ஒன்று இருக்கிறது. அவர் ஏதாவது செய்து தர முடியுமா?"

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்ட வரிசையை மாற்றி, அறுபது தோட்டாக்களைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஏனெனில் மற்றவை பொறுக்கும், இது பொறுக்காது. அவற்றை எக்காரணம் கொண்டும் மீண்டும் அழுத்த வேண்டாம். வெடிமருந்தும் சன்னமும் ஏறிய தோட்டாவின் பிரைமரை வெளியிலிருந்து அழுத்துவது என்பது, துப்பாக்கி செய்ய வேண்டிய வேலையைக் குழாயும் பூட்டும் இல்லாமல் உங்கள் முகத்துக்கு முன்னால் நீங்களே செய்து பார்ப்பதாகும். கல்கரியில் இருப்பவற்றை ஒரு பெட்டியில் தனியாக வைத்து, "சுடக் கூடாது" என்று எழுதி ஒட்டுமாறு அங்கே பொறுப்பான ஒருவரிடம் சொல்லுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் அவை பூட்டிய இடத்திலேயே இருக்கட்டும். நீங்கள் திரும்பிய பின், சன்னத்தைப் பிடித்து இழுக்கும் கொலெட் வகைக் கருவியால் ஒவ்வொன்றாகக் கழற்றி, வெடிமருந்தையும் சன்னத்தையும் தனியாக எடுத்துவிடலாம். சுத்தியல் போல மேசையில் தட்டிச் சன்னத்தைக் கழற்றும் கருவியைச் சரியாக நிரப்பிய தோட்டாவுக்குப் பலர் பயன்படுத்துகிறார்கள். பிரைமர் மேலே துருத்திக்கொண்டிருக்கும் தோட்டாவுக்கு நான் பயன்படுத்த மாட்டேன்.

முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாவது அடியில் வெடிப்பதற்கான காரணமும் அந்தத் துருத்தலிலேயே இருக்கிறது. பிரைமர் என்பது ஒரு சிறு உலோகக் கிண்ணம். அதற்குள் மிக நுண்ணிய அளவில் வெடிக்கலவை. அதன்மேல் மூன்று அல்லது இரண்டு கால்கள் கொண்ட ஒரு தகடு. கொல்லனுக்குப் பட்டடை எப்படியோ அப்படியே அந்தக் கலவைக்கு இந்தத் தகடு: சுடும் ஊசி கிண்ணத்தை அடிக்கும்போது, கலவை ஊசிக்கும் பட்டடைக்கும் இடையில் நசுங்கித் தீப்பற்றுகிறது. பட்டடையின் கால்கள் குழியின் அடித்தளத்தில் ஊன்றியிருந்தால்தான் அது அசையாமல் நிற்கும். கிண்ணம் பாதி வழியில் நின்றுவிட்டால், ஊசியின் முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது. இரண்டாவது அடிக்குத்தான் பட்டடை தயாராக இருக்கிறது. உங்கள் துப்பாக்கியின் வில் பழுதென்றோ ஊசி தேய்ந்துவிட்டதென்றோ எண்ணிப் பிரித்துப் பார்க்க வேண்டாம். குறை பெரும்பாலும் துப்பாக்கியில் இல்லை. ஆனால் துருத்திய பிரைமருக்கு இதைவிடக் கெட்ட முகம் ஒன்று உண்டு. தானியங்கிக் கைத்துப்பாக்கியின் சிலைட், அதாவது முன்னும் பின்னும் ஓடும் மேற்பகுதி, வேகமாக முன்னே வந்து மூடும்போது அதன் முகம் அந்தப் பிரைமரில் மோதினால், விசையைத் தொடாமலே தோட்டா வெடிக்க இடமுண்டு. 2022 ஒக்டோபர் 21 முதல் கனடாவில் சாதாரண உரிமக்காரர் ஒருவர் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்கும் வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்: உடைந்தால் மாற்று இல்லை.

எண்ணெய் கூடவே கூடாது. எண்ணெய் பட்ட பிரைமர் செத்துப்போகும் என்று நம்பவும் முடியாது, பிழைத்திருக்கும் என்று நம்பவும் முடியாது. பாதி செத்த பிரைமர்தான் ஆபத்தானது. அது சன்னத்தைக் குழாயின் நடுவழியில் கொண்டுபோய் நிறுத்திவிடும். சத்தம் குறைவாகக் கேட்டதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழாய் வீங்கும் அல்லது வெடிக்கும்.

இனி, ஏன் இறுகுகிறது என்ற முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இதை உங்களைவிட உங்கள் அப்பாவுக்கு விளங்கவைப்பது எளிது. ரோளரின் கிராங்க் துளையில் வெண்கலப் புஷ் ஏற்றாத தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர் இருக்க முடியாது. புஷ் துளையைவிட மயிரளவு பெரிதாக இருக்க வேண்டும். பெரிதாக இருப்பதால்தான் அது உள்ளே போன பின் சுழலாமல் நிற்கிறது. பிரைமரும் அப்படித்தான். அமெரிக்கத் தர அளவுகளின்படி சிறிய பிரைமரின் விட்டம் 4.43 முதல் 4.48 மி.மீ. வரை இருக்கலாம்; அது போய் உட்கார வேண்டிய குழியின் விட்டம் 4.39 முதல் 4.43 வரை இருக்கலாம். மிகப் பெரிய பிரைமர் மிகச் சிறிய குழியைச் சந்தித்தால் வித்தியாசம் 0.09 மி.மீ. ஆகிறது. இரண்டுமே தர அளவுக்குள் இருக்கின்றன, யார் பக்கமும் குற்றமில்லை, ஆனால் கைக்கு அது கடுமையான இறுக்கமாகத் தெரியும். ஒரு கம்பெனியின் பிரைமர் சிரமப்படும் கோதில் இன்னொரு கம்பெனியின் பிரைமர் வெண்ணெய் போல இறங்குவதன் இரகசியம் இவ்வளவுதான்.

ஆயினும் மூன்றில் ஒன்று மறுக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால், இந்த நுண்ணிய வித்தியாசம் உங்கள் பிரச்சினையாக எனக்குத் தோன்றவில்லை. கலந்த பழைய கோதுகளில் இராணுவக் கோதுகள் நிறைய இருக்கும். இராணுவத் தோட்டாவில் பிரைமர் சூட்டின் அதிர்ச்சியில் கழன்று இயந்திரத்துக்குள் விழக் கூடாது என்பதற்காக, தொழிற்சாலையில் பிரைமரை ஏற்றிய பின் குழியின் விளிம்பைச் சுற்றி அழுத்தி உள்நோக்கி மடித்துவிடுகிறார்கள். இதைத்தான் கிரிம்ப் என்கிறோம். பழைய பிரைமரை நீங்கள் தள்ளி வெளியேற்றும்போது பிரைமர் மட்டும் போய்விடும். மடித்த பித்தளை விளிம்பு அங்கேயே நிற்கும். புதிய பிரைமர் அந்த விளிம்பில் முட்டுகிறது. நீங்கள் உடற்பாரத்தைப் போட்டது அந்த மயிரிழைப் பித்தளையின்மீதுதான். அது ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தபோது பிரைமர் மறுபக்கம் சரிந்து திரும்பிக்கொண்டது.

கண்ணால் அறிவது கடினமன்று. ஒரு கோதை எடுத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி அடிப்பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். கிரிம்ப் இல்லாத கோதில் குழியின் வாய் மெல்ல உருண்டு உள்ளே இறங்கும். விரல் நகத்தை வெளியிலிருந்து உள்ளே இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். கிரிம்ப் உள்ள கோதில் குழியைச் சுற்றி ஒரு வளையத் தழும்பு தெரியும், விளிம்பு கூர்மையாக நிற்கும், நகம் அதில் தடக்கும். அடிப்பக்க முத்திரையில் வட்டத்துக்குள் சிலுவைக்குறி இருந்தால் அது நேட்டோ தரத்துக்குச் செய்த தோட்டா. அதில் கிரிம்ப் இருக்கும் என்று வைத்துக்கொண்டே சோதியுங்கள். இரண்டு இலக்கத்தில் ஆண்டு மட்டும் பொறித்த கோதுகளையும் அவ்வாறே சந்தேகிக்கலாம். ஆயிரம் கோதையும் முத்திரை பார்த்துப் பிரிப்பது சலிப்பான வேலைதான். மழை விடாத ஒரு பிற்பகலுக்கு ஏற்ற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து தரம் பிரித்த கைகள் பிறந்த மண்ணிலிருந்து போனவருக்கு அது ஒன்றும் புதிதாக இராது.

பிரித்த பின் மடிந்த விளிம்பை நீக்க இரண்டு வழிகள் உண்டு. வெட்டி எடுப்பது ஒன்று, அழுத்தி ஒதுக்குவது மற்றொன்று. வெட்டுவதற்குக் குழிக்கென்றே செய்த ரீமர் அல்லது கோதின் வாயைச் சீவும் சாதாரணச் சரிவுக் கத்தி போதும், செலவு குறைவு. ஆனால் இதில்தான் கை பழகாதவர்கள் கோதுகளைக் கெடுக்கிறார்கள். மடிந்த விளிம்பு போய்ப் பளபளப்பான ஒரு மெல்லிய வளையம் தெரிந்தவுடன் நிறுத்த வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்றுகளுக்குமேல் தேவைப்படாது. இன்னும் இரண்டு சுற்றுச் சேர்த்தால் குழியின் வாய் அகன்று, பிரைமரின் வளைந்த ஓரத்தைச் சுற்றி வாயு கசிய இடம் உண்டாகிறது. எடுத்த பித்தளையைத் திரும்ப வைக்க முடியாது. அழுத்தி ஒதுக்கும் சுவேஜ் கருவி விலை கூடியது. ஆனால் ஒரு தடவை சரியாகப் பூட்டிவிட்டால் எல்லாக் கோதுக்கும் ஒரே அளவைத் தரும், பித்தளையும் குறையாது. அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது: கருவி கோதின் உட்புற அடித்தளத்தில் ஊன்றி வேலை செய்கிறது என்றால், அடித்தளத்தின் தடிப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், ஒரு முத்திரைக்குப் பொருந்திய அளவு இன்னொன்றுக்கு அதிகமாகவோ குறைவாகவோ இருக்கும். முத்திரை வாரியாகப் பிரிக்கச் சொன்னதன் இன்னொரு காரணம் இது. ஆயிரம் கோதுக்கு நான் சுவேஜ் கருவியைத்தான் வாங்குவேன். ஐம்பதுக்கு வாங்க மாட்டேன். எந்த வழியானாலும் ஒரு கோதுக்கு ஒரு தடவை செய்தால் அதன் ஆயுள் முழுவதற்கும் போதும்.

உங்கள் .45 கோதுகளின் விடயம் வேறு. .45 கோது வழமையாகப் பெரிய பிரைமருக்கு, அதாவது ஏறத்தாழ 5.3 மி.மீ. விட்டத்துக்குச் செய்யப்பட்டது. ஆனால் சில கம்பெனிகள் அதே கோதைச் சிறிய பிரைமர் குழியுடனும் செய்கின்றன; வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கோது, அடியைத் திருப்பிப் பார்த்தால்தான் பொட்டு சிறியதாக இருக்கும். 5.3 மி.மீ. பிரைமரை 4.4 மி.மீ. குழிக்குள் தள்ள நீங்கள் முயன்றிருக்கிறீர்கள். இவற்றைத் தனியாக ஒதுக்கி, சிறிய பிரைமர் வாங்கினால் தாராளமாகப் பயன்படுத்தலாம். பெரிய குழிக்கும் கைத்துப்பாக்கிப் பிரைமர்தான் போட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரைபிளுக்கான பெரிய பிரைமர் விட்டத்தில் அதுவேயானாலும் உயரத்தில் கூடியது, எப்படி அழுத்தினாலும் துருத்தியே நிற்கும். கோதின் உள்ளே எட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு துளைக்குப் பதில் இரண்டு சிறு துளைகள் தெரிகிற கோதுகளும் கலவையில் வரும். அவை வேறு முறையிலான பிரைமருக்கானவை. பழைய பிரைமரைத் தள்ளி வெளியேற்றும் உங்கள் பிரஸ்ஸின் ஊசி அவற்றில் வளையும், அவற்றைப் பழைய பித்தளையோடு போட்டுவிடுங்கள்.

பெரிய பிரஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோதின் உடலை நெருக்கி அளவுக்குக் கொண்டுவருவதற்காகச் செய்த கருவி அது. அதன் கைப்பிடியில் ஒரு கைக்குக் கிடைக்கிற பலம், பிரைமருக்குத் தேவையான பலத்தைவிடப் பல மடங்கு. அந்தப் பலத்தில் உணர்வு மறைந்துபோகும். நான் பண்டாரவளைக்குத் திரும்பும் முன் ஒன்ராறியோவில் கருவிப் பட்டறையில் வேலை செய்த காலத்தில், கழகத்தில் சேர்ந்த முதல் வருடமே இப்படி ஒன்றை நசுக்கி வெடிக்க வைத்தேன். பட்டாசுச் சத்தம் அன்று. லயத்துத் தகரக் கூரையில் பக்கத்தில் நின்று கல் எறிந்தது போன்ற ஒரு வறண்ட அடி. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். கோதுக்குள் வெடிமருந்து இல்லாததால் விரல் நுனி கறுத்ததோடு தப்பினேன். பிரைமர்கள் குழாயில் நூறாக அடுக்கி ஊட்டப்படும் பிரஸ் என்றால் ஒன்றிலிருந்து நூறுக்கும் பற்றக்கூடும்; இறுக்கமான கோது அந்தப் பிரஸ்ஸில் தடக்கினால் கைப்பிடியை விட்டுவிட வேண்டும். அதற்குப் பின் நான் கையால் அழுத்தும் சிறு கருவிக்கு மாறினேன். உள்ளங்கையில் பிடித்துப் பெருவிரலால் அழுத்துவது அது. பிரைமர் குழியின் வாயைத் தொடுவதும், ஓரத்தில் உரசிக்கொண்டு வழுக்கி இறங்குவதும், கால்கள் அடியில் ஊன்றி நிற்பதும் மூன்று தனித்தனி உணர்வுகளாகக் கைக்கு வரும். ஊன்றிய பின் மிகச் சிறிதளவு கூடுதல் அழுத்தம் கொடுத்து நிறுத்த வேண்டும். பெருவிரலால் முடியாத கோது எதுவோ, அது அழுத்தப்பட வேண்டிய கோது அன்று, சோதிக்கப்பட வேண்டிய கோது.

சரியாக இறங்கிய பிரைமர் கோதின் அடியோடு சமமாக அன்றி, அதைவிடச் சற்றுத் தாழ்வாக, 0.08 முதல் 0.13 மி.மீ. வரை உள்ளே நிற்கும். இதை அளக்கக் கருவி தேடத் தேவையில்லை. விரலைக் குறுக்கே ஓட்டினால் சிறு பள்ளம் தட்டுப்பட வேண்டும். தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் நிறுத்தினால் கோது ஆடாமல் நிற்க வேண்டும். ஒவ்வொன்றையும் பாருங்கள், வெடிமருந்து போடுவதற்கு முன் பாருங்கள்.

பிரைமர் சரியாக இறங்காததற்கு வேறு சிறு காரணங்களும் உண்டு: குழியின் அடியில் படிந்த கரி, கோதைப் பிடிக்கும் பிடி வேறு அளவுக்குரியதாக இருப்பது, தள்ளும் தண்டு நடுவில் வராமல் ஓரத்தில் வருவது. கிரிம்ப் நீக்கிய கோதும் மறுத்தால் இவற்றைப் பார்க்கலாம். கரி இருந்தால் பிரைமர் இறுகாது, ஆனால் ஆழம் போகாமல் உயர்ந்து நிற்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பக்கவாட்டில் திரும்பிய அந்த ஒன்றை ஊசியால் குத்தி எடுக்க முயல வேண்டாம். கோதோடு சேர்த்து எண்ணெய்ப் போத்தலில் போட்டு, மூடி, பெயர் எழுதி, கழகத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள். எண்ணெயில் கிடந்ததால் செத்துவிட்டது என்று யாரும் நம்பிக் கையாளாமலிருக்கவே அந்தப் பெயர்ச் சீட்டு. பிரைமர்களை வந்த பெட்டியிலிருந்து போத்தலுக்கு மாற்றிக் குலுக்கி வைக்கும் வழக்கம் இருந்தால் அதையும் கைவிடுங்கள். பெரும்பாலான பிரைமர்களின் கலவையில் ஈயம் இருப்பதால் வேலை முடிந்தவுடன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள், மேசையில் தேநீர் வைத்துக்கொள்ளாதீர்கள். நம்மவர்களுக்கு இரண்டாவது விதிதான் சிரமம்.

இங்கே இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். இந்தப் பதில் கனடாவில் உரிமத்தோடு செய்யப்படும் ஒரு வேலையைப் பற்றியது. இலங்கையில் துப்பாக்கியும் தோட்டாவும் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்கும், வெடிபொருட்கள் 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்துக்கும் உட்பட்டவை. காட்டுப்பன்றி மரவள்ளித் தோட்டத்தைக் கிண்டிவிட்டது என்பதற்காகத் துவக்குத் தோட்டாவோடு வீட்டில் கைவைப்பது குற்றம். தம்பி, மாதிரி காட்டுவதற்கென்று பிரைமரையோ வெற்றுக் கோதையோ பயணப் பொதியில் எடுத்து வராதீர்கள். பிரைமருக்குப் பயணிகள் விமானத்தில் இடமே இல்லை, வெற்றுக் கோது கட்டுநாயக்கவில் உங்களை அரைநாள் உட்கார வைக்கும்.

அப்பாவின் லேத்தில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குக் கோது எதுவும் தேவையில்லை. சிறிய குழிகளைச் சோதிக்க இரண்டு உருக்கு முட்கள்: ஒன்று 4.39 மி.மீ., மற்றது 4.44 மி.மீ. முதலாவது, சுத்தம் செய்த ஒவ்வொரு குழிக்குள்ளும் விரலின் பலத்தில் போக வேண்டும். போகாவிட்டால் விளிம்பு இன்னும் மிச்சமிருக்கிறது. இரண்டாவது எந்தக் குழிக்குள்ளும் போகக் கூடாது. போனால் அந்தக் குழி தளர்ந்துவிட்டது, கோதைக் கழித்துவிடுங்கள். நுனியைச் சதுரமாக விட்டு, பிசிறு மட்டும் போகும் அளவுக்கு எமரித் தாளால் தடவச் சொல்லுங்கள். நுனியை அதிகம் சரித்துவிட்டால் முள் மடிந்த விளிம்பைத் தாண்டி வழுக்கிப்போய்ப் பொய் சொல்லும். லேத்திலிருந்து எடுத்த சூட்டோடு மைக்ரோமீற்றரில் அளக்க வேண்டாம் என்று அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. செல்லும் முள்ளின் தலையில் ஒரு வெட்டும், செல்லா முள்ளின் தலையில் இரண்டு வெட்டும் போட்டுத் தரச் சொல்லுங்கள். பார்க்காமலே விரலுக்குத் தெரியும்.